கடவுச்சொல்லாக இருந்த நாய்

தக்குவரெம்போவில் அது மழை வியாழன்.
உருகுவேயின் பாதி மாடுகள் நனைந்துகொண்டிருந்தன.
பதினொன்று பத்துக்கு வந்தது மின்னஞ்சல்:
மருந்து பாக்கி, கடைசி நினைவூட்டல்.
தடுப்பூசி வாங்கும் அதே கம்பெனி,
பெயரில் ஒரே ஓர் எழுத்து மட்டும் போலி.
சின்ன ஆரும் சின்ன என்னும்
தோளொட்டி நின்றால்
பார்வைக்கு எம் ஆகிவிடும்.
என் கண்ணாடி அன்று காரிலேயே கிடந்தது.

அதுகூடச் சாக்குதான்.
இரண்டு முறை மின்சாரம் வெட்டப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான்.
பாக்கி என்று யார் சொன்னாலும்
கை முந்திக்கொள்ளும்.
அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
முதலில் நடந்தது அதுதான்.
பிறகு மாடுகளின் கோப்பு திறக்க மறுத்தது.
பிறகு குதிரைகள்.
சினைத் தேதி, காதுப்பட்டை எண்,
ஒரு கிளியின் ஒவ்வாமை,
எல்லாம்
கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக
வெட்டிப் போட்ட எழுத்துகள்,
அறுப்புக்கூடத்துத் தரை மாதிரி.

திரையை அணைத்தேன்.
மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றினேன்.
பக்கத்து அறையில் டாக்டர் எவுலாலியா
பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டே
"என்ன நில்டா, சத்தமே இல்லை?" என்றார்.
"இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
நாற்பது நிமிடம் மறைக்கலாம்.
அதற்குள் பூசணிக்கொடி
கம்பி வழியே படர்ந்து
எக்ஸ்ரே கணினியைச் சுற்றிவிட்டது.
பத்திரமாக இருக்கட்டும் என்று
இரவும் பகலும் செருகியே வைத்திருந்த
நகல் வட்டையும்.

கடிதம் ஒன்று வைத்திருந்தார்கள்.
'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே.'
எங்கள் வாடிக்கையாளர் எவரையும்
நாங்கள் அப்படி அழைத்ததில்லை.
கீழே ஒரு கடிகாரம்
பின்னோக்கி ஓடியது.

ரிவேராவிலிருந்து மோட்டார் சைக்கிளில்
சொட்டச் சொட்ட வந்தான் வால்டெமார்.
எப்போது அழுத்தினீர்கள்?
எப்போது கம்பியைப் பிடுங்கினீர்கள்?
டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினொன்று பத்து. பதினொன்று ஐம்பது.
"போன வருடம் நானும் அழுத்தினேன்,
பார்சல் வருகிறது என்று" என்றான்.
அந்த நாற்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பேனா மட்டும் அதன் கீழே
இரண்டு கோடு போட்டது.

"கடவுச்சொல்?"
நான்கு கணினிக்கும் ஒன்றே.
ரெமோலாச்சா, பிறகு இரண்டாயிரத்து ஒன்பது.
சொன்னபோது காத்திருப்பறையில்
உட்கார்ந்திருந்த குதிரைக்காரரும் தலையாட்டினார்,
ஊருக்கே தெரியும்.
சுவரில் படம் இருக்கிறது:
பீட்ரூட் நிறச் செம்பட்டை நாய்,
ஒரு காது மடங்கி.
போய் மூன்று குளிர்காலம்.
காலையில் எட்டு மணிக்கு
எட்டு விரலும் அதைக் கூப்பிட்டுத்தான்
கடையைத் திறந்தோம்.
"மாற்ற வேண்டும்" என்றான்.
டாக்டர் எழுந்து போய்
கழுவிய கையை மறுபடி கழுவினார்.

பணம் கட்டவில்லை.
கொள்கை என்று வெளியே சொன்னோம்,
கையில் இல்லை என்பது உள்ளே.
குதிரைக்காரர்கள் பால்கணக்கு நோட்டுகளோடு வந்தார்கள்.
பாதி மாடுகள் திரும்பின.
கிளியின் ஒவ்வாமை
கிளி வீங்கிய பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டது.

பத்து வாரம் கழித்து மறுபடி: மருந்து பாக்கி.
கண்ணாடியை மாட்டினேன்.
பழைய காகித பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
"ஆமாம் அம்மணி," என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்,
"நிஜமாகவே பாக்கிதான்."
இருவரும் சிரித்தோம்.
கட்டினேன்.

புதிய கடவுச்சொல் நான்கு சொற்கள்,
ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.
இங்கே சொல்ல மாட்டேன்.
ஆனாலும் சில காலைகளில்,
முக்கியமாக மழைக் காலைகளில்,
விரல் பழைய பெயரைத்தான் அடிக்கிறது.
தவறு என்கிறது திரை, சிவப்பில்.
இன்னும் இரண்டு முறைதான்
கூப்பிடலாமாம்.